அழைப்பின் பாதையை முதலாளியே தீர்மானிக்க வேண்டும்

புறக்கோட்டையில் தொகை வியாபாரம் செய்யும் ஒருவரிடம் கல்முனைக்குச் சரக்கு அனுப்பும் விதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த லொறி எத்தனை மணிக்குப் புறப்படும், ஒரு பொதிக்கு என்ன கூலி, மழையில் ஒரு பாதை மூடப்பட்டால் எந்த வழியால் திருப்புவது, அங்கே சரக்கைப் பாரமெடுப்பவர் யார் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். அதே வியாபாரியிடம் "உங்கள் கடையிலிருந்து போகும் தொலைபேசி அழைப்பு எந்த வழியால் போகிறது? வரும் அழைப்பு முதலில் யாருடைய மேசையில் ஒலிக்கிறது?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு தம்பி வந்து செய்து தந்துவிட்டுப் போனார், எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதிலாகும்.

சரக்கின் பாதையை அறிந்து வைத்திருப்பவர் அழைப்பின் பாதையை அறியாதிருப்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஓடர் வருவதும், விலை பேசுவதும், கடன் நினைவூட்டுவதும் அந்த அழைப்பின் மூலமே நடைபெறுகின்றன. இணையத் தொலைபேசிக் கேட்வே எனப்படும் சிறிய பெட்டியைக் கடையில் பொருத்தியிருக்கும், அல்லது பொருத்த எண்ணியிருக்கும் எமது வியாபாரிகள், அதன் பாதை அட்டவணையைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்பதே இவ்வாரம் நான் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும். பெட்டியில் பதிவது தொழில்நுட்பவியலாளரின் வேலை. எதைப் பதிவது என்பது முதலாளியின் வேலை.

பெட்டி என்ன செய்கிறது?

எமது நாட்டில் 1996ஆம் ஆண்டுவரை நிலையான தொலைபேசி இணைப்பென்றால் ஒரே ஒரு நிறுவனம்தான். அவ்வாண்டில் சண்டெலும் லங்கா பெல்லும் கம்பியில்லா இணைப்புகளுடன் சந்தைக்கு வந்தன. வெளிநாட்டு அழைப்புகளில் ஸ்ரீலங்கா டெலிகொமுக்கு இருந்த தனியுரிமை 2002 ஓகஸ்ட்டில் முடிவுக்கு வந்து, 2003 முதல் வேறு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு நுழைவாயில் உரிமங்கள் வழங்கப்பட்டன. அதன் பின்னரே ஒரு கடையில் இரண்டு மூன்று நிறுவனங்களின் இணைப்புகளை வைத்துக்கொண்டு, எந்த அழைப்பை எதனால் எடுப்பது இலாபம் என்று கணக்குப் பார்க்கும் நிலை உருவானது. மேசையில் வரிசையாகத் தொலைபேசிகளை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வைத்திருந்த கடைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

அந்தத் துண்டுக் காகிதங்களின் வேலையைத்தான் கேட்வே இன்று செய்கிறது. அதன் ஒரு பக்கத்தில் இணையக் கம்பி. மறுபக்கத்தில் இரு வகையான துளைகள். ஒரு வகையில் சாதாரண தொலைபேசிக் கருவியைச் செருகலாம், இதை எப்.எக்ஸ்.எஸ். என்பார்கள். மற்றைய வகையில் வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்பைச் செருக வேண்டும். இதன் பெயர் எப்.எக்ஸ்.ஓ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. சில வேளைகளில் துளையே பழுதாகியும் விடும். சிம் அட்டை போடும் துளையுள்ள பெட்டிகளும் உள்ளன. குரலைச் சிறு சிறு பொதிகளாக்கி இணையத்தில் அனுப்புவதும், இணையத்தில் வந்த பொதிகளை மீண்டும் குரலாக்கித் தொலைபேசியில் கொடுப்பதுமே இதன் தொழில்.

"இப்போதுதான் வட்ஸ்அப் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வெளிநாட்டிலுள்ள பலருடன் பேச வட்ஸ்அப் போதும். ஆனால் கடையின் எண் என்பது கடையின் பெயர்ப்பலகையைப் போன்றது. வட்ஸ்அப் எண் பெரும்பாலும் ஒரு ஊழியரின் கையிலுள்ள கைத்தொலைபேசியில் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாடிக்கையாளரையும் சேர்த்துக் கொண்டு போய்விடுகிறார். இருபது வருடங்களாக பில் புத்தகத்தில் அச்சிட்டு வந்த எண்ணுக்கு அழைப்பவரை யார் எடுப்பது, எடுக்காவிட்டால் அடுத்து யாருக்குப் போவது என்ற ஒழுங்கு கடையின் சொத்தாகவே இருக்க வேண்டும்.

பாதை அட்டவணை என்பது என்ன?

இதில் மந்திரம் எதுவும் கிடையாது. "இப்படித் தொடங்கும் எண், இத்தனை இலக்கம் கொண்டதாயின், இந்தத் துளையால் அனுப்பு" என்ற கட்டளைகளின் பட்டியலே பாதை அட்டவணை. நமது எண்களின் அமைப்பைத் தெரிந்த எவரும் இதைக் காகிதத்தில் எழுதலாம். வெளிநாட்டு அழைப்பு 00 இல் தொடங்கும். கைத்தொலைபேசி 07 இல் தொடங்கி மொத்தம் 10 இலக்கம். நிலையான தொலைபேசியும் 10 இலக்கமே. கொழும்புக்கு 011, கண்டிக்கு 081, கல்முனைக்கு 067, மட்டக்களப்புக்கு 065. அவசர எண்கள் சிறியவை. பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கு 110, சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990.

உதாரணமாக, புறக்கோட்டையில் தலைமைக் கடையும் கல்முனையில் ஒரு கிளையும் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஐந்து கட்டளைகள் எழுதினால் போதுமானது.

முதலாவது, அவசர எண்கள். இவை எவருடைய மேசையிலிருந்தும், எவ்விதப் பூட்டும் இல்லாமல், அந்தந்தக் கிளையின் சொந்த இணைப்பால் நேராக வெளியே போக வேண்டும். கல்முனைக் கடையில் தீப்பற்றி ஒருவர் அழைக்கும்போது அந்த அழைப்பு இணையத்தால் கொழும்புக்கு வந்து, கொழும்பு எண்ணைக் காட்டிக்கொண்டு வெளியேறுமானால், கேட்பவர் கொழும்பிலேயே தீ என்று நினைக்க இடமுண்டு. செலவைப் பற்றி யோசிக்கக் கூடாத கட்டளை இது ஒன்றுதான்.

இரண்டாவது, கிளைகளுக்கிடையிலான உள் எண்கள். உதாரணமாக 801 முதல் 809 வரை கொழும்பு, 811 முதல் 819 வரை கல்முனை. இவை இணையத்தாலேயே போகும். அழைப்புக்கெனத் தனிக் கட்டணம் இல்லை. இங்கு ஒரு நுணுக்கமுண்டு. பலர் உள் எண்களை 201, 202 என்று வைக்கிறார்கள். கொழும்பில் ஒருவர் பக்கத்துக் கடையின் ஏழு இலக்க எண்ணை 011 போடாமல் அழுத்தும்போது, அது 2 இல் தொடங்கினால், முதல் மூன்று இலக்கத்திலேயே பெட்டி அதை உள் எண்ணென்று எண்ணிப் பாண்டகசாலையில் மணியடித்துவிடும். 1 இல் தொடங்கினால் அவசர எண்களுடன் மோதும். எட்டில் தொடங்கும் எண்களே இந்தச் சிக்கல் இல்லாதவை. வெளி எண்களை எப்போதும் பத்து இலக்கமாகவே அழுத்த வேண்டும் என்று ஊழியர்களைப் பழக்குவது அதனிலும் நன்று.

மூன்றாவது, 07 இல் தொடங்கும் பத்து இலக்கம். இதைக் கைத்தொலைபேசி நிறுவனத்திடம் பெற்ற இணைப்பால் அனுப்பலாம். ஒரே நிறுவனத்தின் எண்களுக்கிடையே சலுகை இருக்குமாயின் 077, 071 என்று பிரித்தும் எழுதலாம். ஆனால் 2018 இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கியது, 2024 இல் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. நிறுவனங்கள் மாறும்போதும் சலுகைகள் மாறும்போதும் இந்தக் கட்டளையும் மாற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையேனும் பழைய பில்லை எடுத்துப் பார்க்காதவருக்கு இந்தப் பிரிப்பினால் பயன் கிடையாது. எல்லா 07 எண்களையும் ஒரே வழியால் அனுப்பிவிடுவதே அவருக்கு நல்லது.

நான்காவது, 0 இல் தொடங்கும் ஏனைய பத்து இலக்கம். இது நிலையான இணைப்பால்.

ஐந்தாவது, 00. இது எல்லோருக்கும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவின் 0091, சீனாவின் 0086, ஐக்கிய அரபு இராச்சியத்தின் 00971 என்று நீங்கள் உண்மையில் வியாபாரம் செய்யும் நாடுகளுக்கு மட்டும், அதுவும் முதலாளியின் மேசைக்கும் கணக்காளரின் மேசைக்கும் மட்டும், இரகசிய இலக்கத்துடன் திறந்திருந்தால் போதுமானது.

வரிசை பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்

கட்டளைகள் சரியாக இருந்தும் வரிசை பிழைத்ததால் ஏமாந்தவர்கள் அநேகர். சில பெட்டிகள் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்து, முதலில் பொருந்தும் கட்டளையை எடுத்துக்கொள்ளும். வேறு சில, அதிக இலக்கங்கள் பொருந்தும் கட்டளையையே தேடி எடுக்கும். முதல் வகைப் பெட்டியில் "0 இல் தொடங்கும் எதுவும்" என்ற கட்டளையை மேலே எழுதிவிட்டு, "00 பூட்டு" என்பதைக் கீழே எழுதினால், பூட்டு எழுதப்பட்டிருக்கும், ஆனால் ஒருபோதும் போடப்படாது. உங்கள் பெட்டி எந்த வகை என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவராயின் வேறொருவரைத் தேடுங்கள்.

அடுத்தது இலக்கங்களைக் கழிப்பதும் கூட்டுவதும். வெளி இணைப்புக்கு 9 அழுத்தும் வழக்கமுள்ள கடையில், அந்த 9 ஐக் கழித்துவிட்டே பெட்டி எண்ணை வெளியே அனுப்ப வேண்டும். மறந்தால் எல்லா அழைப்பும் பிழையான எண்ணாகவே போகும். இணையவழி இணைப்பு தரும் நிறுவனம் சில வேளை எண்ணை 94 உடன் கேட்கும். அப்போது 077 இன் முன்னாலுள்ள பூச்சியத்தைக் கழித்து 94 ஐக் கூட்ட வேண்டும். கழிக்காமல் கூட்டினால் 94077 என்ற, உலகில் எங்குமில்லாத ஓர் எண் உருவாகும்.

கடைசி இலக்கத்தை அழுத்திய பின்னர் அழைப்பு போக நான்கைந்து வினாடி தாமதிக்கிறது என்று பலர் முறைப்படுகிறார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் இணையம் அல்ல. எத்தனை இலக்கம் வரும் என்று பெட்டிக்குச் சொல்லப்படவில்லை. இன்னும் வருமோ என்று அது காத்திருக்கிறது. "07 இல் தொடங்கினால் மொத்தம் பத்து" என்று எழுதிவிட்டால், பத்தாவது இலக்கத்துடனேயே அழைப்பு புறப்பட்டுவிடும்.

மாற்றுப் பாதையையும் எழுத வேண்டும். இணையம் அறுந்தால் அழைப்பு நிலையான இணைப்புக்குத் தானாகத் திரும்ப வேண்டும். ஆனால் அப்போது வாடிக்கையாளருக்குத் தெரியும் எண் வேறாக இருக்கும். அவர் அந்த எண்ணுக்கே திருப்பி அழைப்பார். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு எங்கே ஒலிக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறீர்களா?

வரும் அழைப்பே வரும் வருமானம்

நமது வியாபாரிகள் கேட்வே பொருத்தும்போது, போகும் அழைப்பில் எத்தனை ரூபா மிச்சம் என்றே கணக்குப் பார்க்கிறார்கள். வரும் அழைப்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எனக்கு நன்கு தெரிந்த ஒரு புடவை வியாபாரியின் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய பெட்டி பொருத்திய பின் வெளியே போகும் அழைப்புகளெல்லாம் நன்றாகவே வேலை செய்தன. நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருந்த காலம். கிழக்கிலிருந்து வழமையாக ஓடர் தரும் ஒருவரிடமிருந்து இரண்டு வாரங்களாக எந்தச் சத்தமும் இல்லை. பெருநாளுக்குப் பிறகு நேரில் கண்டபோதுதான் அவர் சொன்னார்: "நாநா, எத்தனை தரம் எடுத்தேன், எந்த நேரமும் உங்கள் லைன் பிஸியாகவே இருந்தது. சரக்கை வேறு இடத்தில் எடுத்துவிட்டேன்."

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பேசி முடித்து எதிர்ப்பக்கம் தொலைபேசியை வைத்த பின்னரும், இணைப்பு முடிந்துவிட்டதென்பதைப் பெட்டி அறியவில்லை. அதனால் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. எப்.எக்ஸ்.ஓ. துளைகளில் அடிக்கடி வரும் நோய் இது. எதிர்ப்பக்கம் வைத்தவுடன் தொலைபேசி நிலையம் அனுப்பும் தொனியை, அல்லது மின்முனை மாற்றத்தை, பெட்டி அடையாளங் காணும்படி அமைக்க வேண்டும். வெளிநாட்டில் தயாரான பெட்டி அந்நாட்டுத் தொனிக்கே அமைக்கப்பட்டு வரும். நமது நாட்டுத் தொனியின் அளவுகளைப் பதிய வேண்டும். அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலத்தைச் செலவிடாததால் ஒரு நல்ல வாடிக்கையாளர் கைமாறிப் போனார். அவர் இன்றுவரை முழுமையாகத் திரும்பவில்லை.

எனவே வரும் அழைப்புக்கும் ஓர் அட்டவணை தேவை. முதலில் யாருடைய மேசை? எத்தனை மணி ஒலித்த பின் அடுத்த மேசை? ஜும்ஆ நேரத்தில் கடை மூடியிருக்கும்போது எங்கே போக வேண்டும்? இரவில்? மூடிய கடையில் மணி ஒலித்துக்கொண்டேயிருப்பதைவிட, "இரண்டு மணிக்குத் திறப்போம்" என்ற பதிவு செய்த குரலோ, பொறுப்பான ஒருவரின் கைத்தொலைபேசியோ மேலானது. கல்முனை எண்ணுக்கு வரும் அழைப்பை அங்கு எவரும் எடுக்காவிட்டால், அதை 801 க்குத் திருப்பி கொழும்பில் எடுக்கும் வசதி இந்தப் பெட்டியில் உண்டு. இந்த ஒரு வசதிக்காகவே பெட்டியை வாங்கலாம் என்பது எனது அபிப்பிராயம்.

குரலும் மின்சாரமும்

குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்குப் பெட்டியைக் குறை கூறுவதற்கு முன்னர் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். குரலைப் பொதியாக்கும் முறைகளில் இரண்டு பெரிதும் பாவனையிலுள்ளன. ஜி.711 என்பது வினாடிக்கு 64 கிலோபிட், பொதியின் மேலுறைகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு சுமார் 87. ஜி.729 என்பது வெறும் 8, மேலுறைகளுடன் சுமார் 31. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் முதலாவது முறைக்கு ஏறத்தாழ 350 கிலோபிட் இரு திசைகளிலும் தடையின்றி வேண்டும். பைபர் இணைப்பில் இது ஒன்றுமேயில்லை. கைத்தொலைபேசி சமிக்ஞையில் ஓடும் கிளையில், அதுவும் கடைப் பையன் அதே இணைப்பில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால், இது பெரிய விடயம். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கக் கூடாதென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவர். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, நிலையத்திலிருந்து வரும் மின்னில் இயங்கியது. கரண்ட் போனாலும் பேசலாம். கேட்வேயும் ரவுட்டரும் அப்படியல்ல. 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில் கடையின் எண் செத்துக் கிடந்ததைப் பலர் அனுபவித்திருப்பீர்கள். பெட்டி, ரவுட்டர், பைபர் கருவி மூன்றுக்கும் ஒரு யு.பி.எஸ். வைப்பது வீண் செலவாகாது.

பெருநாள் விடுமுறையில் வரும் கள்வன்

இணையத்தில் திறந்து கிடக்கும் தொலைபேசிப் பெட்டிகளை இரவு பகலாகத் தேடும் மென்பொருட்கள் உள்ளன. இணையத் தொலைபேசியின் வழமையான கதவு 5060 என்பது அவற்றுக்குத் தெரியும். 801 என்ற உள் எண்ணுக்கு 801 என்றே கடவுச்சொல் இருக்குமா என்று தட்டிப் பார்ப்பதே அவற்றின் தொழில். திறந்துகொண்டால், உங்கள் இணைப்பால் கட்டணம் கூடிய வெளிநாட்டு எண்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் அழைப்புகள் பாயும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு கள்வனுக்குப் போய்ச் சேரும். இது பெரும்பாலும் நடப்பது கடை மூடியிருக்கும் இரவுகளிலும், வார இறுதியிலும், பெருநாள் விடுமுறையிலுமே. பில் வருவது உங்கள் பெயருக்கு. "நான் பேசவில்லை" என்று சொல்லித் தப்புவது கடினம். அழைப்பு உங்கள் பெட்டியிலிருந்தே போயிருக்கிறது.

பாதுகாப்பு இலகுவானது, ஆனால் பொருத்தும் நாளிலேயே செய்யப்பட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒவ்வொரு உள் எண்ணுக்கும் நீண்ட, வெவ்வேறான கடவுச்சொல் கொடுங்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தை வெளியிலிருந்து திறக்க முடியாதபடி மூடுங்கள்; தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் பாதுகாப்பான தனி வழியால் மட்டும். இணையத்திலிருந்து வரும் அழைப்பு மீண்டும் உங்கள் வெளி இணைப்பால் போக எந்தக் கட்டளையும் அனுமதிக்கக் கூடாது. கிளையின் அழைப்பாயின் உள் எண்களுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டு அழைப்பை இணைப்பு தரும் நிறுவனத்திடமே எழுத்து மூலம் பூட்டச் சொல்லுங்கள், அல்லது மாதாந்த உச்சவரம்பு போடச் சொல்லுங்கள். பெட்டியின் பூட்டு உடைந்தாலும் அந்தப் பூட்டு நிற்கும்.

வாடகை தருவதாக வருபவர்

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விடயம். "உங்கள் கடை மூலையில் ஒரு பெட்டியை வைக்க இடம் தாருங்கள். இணையம் இருந்தால் போதும். இருபது சிம்களை உங்கள் பெயரில் எடுத்துத் தாருங்கள். மாதம் இவ்வளவு வாடகை" என்று சிலர் வருவதுண்டு. அந்தப் பெட்டி வெளிநாட்டிலிருந்து இணையத்தால் வரும் அழைப்புகளைப் பெற்று, உங்கள் சிம்களினால் உள்ளூர் அழைப்புகளைப் போல இறக்கிவிடுகிறது. கட்டாரிலிருந்து மகன் பேசுகிறான், தாயின் தொலைபேசியில் யாரோ ஒருவரின் 07 எண் தெரிகிறது. அது இப்படிப்பட்ட ஒரு பெட்டியின் வேலையாக இருக்கலாம்.

இது சட்டவிரோதமானது. 1991 இன் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி தொலைத்தொடர்புச் சேவை நடத்த உரிமம் வேண்டும். அச்சட்டம் 1996 இல் திருத்தப்பட்டே தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு உருவானது. வெளிநாட்டு அழைப்பை நாட்டுக்குள் இறக்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதற்கான கட்டணமும் வரியும் செலுத்துகின்றன. இந்தப் பெட்டி அதைத் தாண்டிச் செல்கிறது. அதைவிடப் பாரதூரமானது, அந்த இருபது சிம்களும் உங்கள் அடையாள அட்டையில் இருப்பதாகும். அதனூடாக ஒருவர் மற்றொருவரை மிரட்டினாலும், மோசடி செய்தாலும், பொலிஸ் தட்டுவது உங்கள் கதவை. நமது சமூகத்தவரின் பெயர் எவ்வளவு இலகுவாகச் சந்தேகத்துக்குள் இழுக்கப்படுகிறது என்பதை 2019க்குப் பின்னரான அனுபவம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. சில ஆயிரம் ரூபா வாடகைக்காக அந்த வாசலைத் திறந்து வைப்பது புத்திசாலித்தனமன்று. சட்டத்தை விடுங்கள், பிறருக்குச் சேர வேண்டிய கட்டணத்தை மறைத்து எடுக்கும் வருமானத்தில் பரக்கத் இருக்குமா என்பதை ஒவ்வொருவரும் தமது உள்ளத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் சொந்தக் கேட்வேயிலும் இந்த எல்லையைக் கவனியுங்கள். உங்கள் கடைகளுக்கிடையே உங்கள் ஊழியர்கள் பேசுவது வேறு. கொழும்பிலிருந்து இணையத்தால் அனுப்பி, கல்முனைக் கிளையின் இணைப்பால் வெளியாருக்கு அழைப்பை இறக்குவது வேறு. பின்னையதைச் செய்ய முன்னர் இணைப்பு தந்த நிறுவனத்திடமும் ஆணைக்குழுவிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கடைக்காரருக்குக் காசுக்கு அழைப்பு விற்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

ஒரு தாள் போதும்

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமாகும். எழுதி வைக்கும் ஒழுங்கு நமக்குப் புதியதல்ல. அப்படியிருக்க, கடையின் அழைப்புகளை ஆளும் அட்டவணை மட்டும் ஏன் ஒரு தொழில்நுட்பவியலாளரின் தலைக்குள் இருக்க வேண்டும்? அவர் வெளிநாடு போய்விட்டால், தொலைபேசியை மாற்றிவிட்டால், உங்கள் பெட்டியை எவராலும் திறக்க முடியாது. தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவரிடம் நாம் எதையும் கேட்கவுமில்லை, எழுதித் தரவுமில்லை.

ஆகவே, பெட்டி பொருத்த முன்னர் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த எண் எந்த வழியால், அது அறுந்தால் எந்த வழி, யாருக்கு எது பூட்டு, வரும் அழைப்பு எங்கே எத்தனை மணி, இரவிலும் ஜும்ஆவிலும் என்ன என்று எழுதிப் பொருத்துபவரின் கையில் கொடுங்கள். வேலை முடிந்த பின் அவருக்குக் காசு கொடுக்க முன்னர், அதே தாளை வைத்து ஒவ்வொரு வரியாக அழுத்திப் பாருங்கள். இணையக் கம்பியைக் கழற்றிவிட்டும் அழைத்துப் பாருங்கள். 00 ஐ அழுத்தி, போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நின்று கடைக்கு அழைத்து, பேசி வைத்த மறுகணமே மீண்டும் அழைத்துப் பாருங்கள். அவசர எண்களைச் சோதிக்க அவற்றுக்கு அழைத்துத் தொல்லை கொடுக்க வேண்டாம். அக்கட்டளை எந்தத் துளையைக் காட்டுகிறதென்று திரையில் காட்டச் சொன்னால் போதும்.

அமைப்பின் பிரதியொன்றைக் கோப்பாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடவுச்சொற்களை உறையிலிட்டுப் பாதுகாப்புப் பெட்டியில் வையுங்கள். மாதமொருமுறை பில் வரும்போது, பெட்டியின் அழைப்புப் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். கடையின் கல்லாவை இரவில் எண்ணாமல் மூடும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. இதுவும் அப்படியொரு எண்ணிக்கைதான்.

அந்தப் புடவை வியாபாரி இன்று அந்தத் தாளைத் தனது மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு வாரம் முன்னதாக, மகனை வெளியே அனுப்பிக் கடையின் எல்லா எண்களுக்கும் அழைக்கச் சொல்கிறார். ஐந்து நிமிட வேலை. அடுத்த பெருநாளுக்கு முன் நாமும் அதைச் செய்து பார்ப்போம். அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.